பதினாறாயிரத்துக்கு ஒரு தமிழ்ச் சொல்

1

இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை, கண்ணுங்களா. ஞானசெல்வி கேட்டாள்.

"யக்கா, அவுக செத்து வருசம் திரும்பப் போகுது. அந்தக் கொழும்புச் சண்டைய ஒரு நோட்டுல எழுதிக் குடு. நீ வாயால சொன்னதெல்லாம் காத்துல போயிருது. தாளுல கெடந்தா நானா எடுத்து வாசிச்சிக்கிடுவேன்."

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

என்னிடம் கதை கேட்டவர்களுக்குத் தெரியும். எங்கள் தீவின் சாத்தம் ஜெட்டியில், அக்கரையில் இருக்கும் பம்பூஃப்ளாட் போகிற போட்டுக்காகக் காத்திருக்கும்போதுதான் நான் சொல்வேன். இக்கட்டான இடம் வரும்போது போட் வந்துவிடும், எல்லோரும் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள், நான் தப்பித்துக்கொள்வேன். தாளில் எழுதினால் எந்தப் போட்டும் வராது.

பள்ளிக்கூடத்துக்குப் போகாதவள் நான். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் சாமான் சுற்றி வருகிற பத்திரிகைத் தாள்களில் எழுத்துக் கூட்டிப் படித்தவள். பாதிச் செய்தி ஒரு தாளில் இருக்கும், மீதி யார் வீட்டுப் பருப்பைச் சுற்றிப் போயிற்றோ. என் எழுத்தும் அப்படித்தான் நடுவில் கிழியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் ஒரே ஒரு சொல்லில். அதை உள்ளபடி எழுதினால், செத்த மத்தியாஸ் அவருடைய பெண்சாதி ஞானசெல்வி மனசில் இன்னொரு தடவை சாவார். மாற்றி எழுதினால் அது எழுதிக்கொடுத்த பொய். வாயால் சொன்ன பொய்யை மறந்துவிடலாம். எழுதிக்கொடுத்ததை அவள் வாசித்துக்கொண்டே இருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து நோட்டை வாங்கிப்போக வருகிறாள். இன்று வியாழன்.

2

முதல் ஆரம்பம்:

[1961-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம், கொழும்பில், ஆயிரம் பேர் ஆரவாரம் செய்ய, ராயபுரம் மத்தியாஸ் மேடையில் ஏறி]

நிறுத்திவிட்டேன். நான் கொழும்பைப் பார்த்ததில்லை. ஆயிரம் பேரை யார் எண்ணினார்கள்?

இரண்டாவது ஆரம்பம்:

[மத்தியாஸ் ரொம்ப நல்லவர்.]

இப்படித் தொடங்கினால் நீங்களே சந்தேகப்பட்டுவிடுவீர்கள்.

மூன்றாவது:

லம்பா லைனில் எங்கள் வரிசையில் முதலில் சிமெண்டுத் தரை போட்ட வீடு மத்தியாஸ் வீடு.

இது நிற்கட்டும். பணத்தில் ஆரம்பிப்பதுதான் இந்தக் கதைக்கு நியாயம். அந்தத் தரையில் கால் வைக்கக் கூச்சப்பட்டு நாங்கள் பெண்கள் எல்லோரும் காலைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே போனோம். ரேடியோ இருந்தது. வாசலில் இரண்டு லாரி, மிலிட்டரிக்காரர்கள் கழித்துவிட்டு ஏலம் போட்டவை. ரோடு போட ஜல்லி அடித்தன. மற்றவர்கள் மாசச் சம்பளத்தில் அரிசி வாங்கிக்கொண்டிருந்த ஊரில் அவர்தான் பணக்காரர். அத்தனையும் கைமுட்டியால் வந்தது.

குத்துச்சண்டைக்காரருக்கு வருகிற பணம் எப்படிப் போகும் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு சண்டைக்கு ஆறாயிரம் பேசினால் மூன்றில் ஒரு பங்கு மானேஜருக்கு. பத்தில் ஒன்று பயிற்சி கொடுத்தவருக்கு. மூலையில் நின்று தண்ணீர் கொடுக்கிறவர், டாக்டர், கப்பல், ஓட்டல், அதற்கு முந்தின இரண்டு மாசம் தின்ற ஆட்டுக்கறியும் முட்டையும். மிச்சம் கைக்கு வரும்போது பாதிகூட இருக்காது.

"நம்ம கூட்டாளி ஒருத்தன் ரேஸ் குதிரைல கால் பங்கு வாங்கினாங்க்கா. எந்தக் காலுடா உன்துன்னு கேட்டேன். கடசீல நொண்டுன காலு அவன்து."

இன்னொருவர் பம்பாயில் சாராயக் கடைக்கு முன்பணம் கொடுத்து, கடையையும் குடித்துவிட்டாராம்.

"இந்தக் கை பத்து வருசம் ஓடும். அதுக்கு அப்பால ஓடறதுக்கு நாலு சக்கரம் ஓணும்" என்பார் மத்தியாஸ். அதனால்தான் லாரி. ஒரு லாரி அவர் பேரில், ஒன்று ஞானசெல்வி பேரில். அது ஜம்புலிங்கம் சொன்ன யோசனை. ஜம்புலிங்கம் மரைன் ஹில்லில் குடியிருந்த தஞ்சாவூர்க்காரர், காண்ட்ராக்டர்களுக்குக் கணக்கு எழுதுகிறவர். "ரெண்டு பேர்ல பிரிச்சா வரி குறையும்யா" என்றார்.

[இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதப் போனேன். அப்படிச் சொல்வது கதை சொல்கிறவளுக்கு அழகில்லை. ஆனாலும் எல்லா வம்பும் அப்படிப் பிரித்ததிலிருந்துதான்.]

3

என் குற்றத்தைச் சொல்கிறேன்.

கொழும்பிலிருந்து மதராஸ் வந்து, அங்கிருந்து கப்பல் ஏறி மத்தியாஸ் சாத்தத்தில் இறங்கினார். ஜெட்டியில் முதலில் பார்த்தவள் நான். ஒரு கண் வீங்கியிருந்தது.

"தோத்துட்டேன் அர்சிக்கா. பத்து எண்ணிட்டான்." மங்கையர்க்கரசி என்ற முழுப் பெயரை அவர் வாய் ஒருநாளும் தாங்கியதில்லை. "ஆனா பர்ஸ் பெருசு. பதினாறாயிரம்."

எனக்குத் தெரிந்து பர்ஸ் இரண்டு. ஒன்று சட்டைப்பையில் வைப்பது. இன்னொன்று மேடையில் மாலை போட்டுக் கொடுப்பது. தலைவர்களுக்குப் பணமுடிப்பு கொடுத்த செய்தியைப் பருப்புத் தாளில் எத்தனை படித்திருக்கிறேன்! சட்டைப்பைப் பர்ஸ் பெரிசு என்று யாரும் கப்பலிலிருந்து இறங்கிப் பெருமை பேசமாட்டார்கள். அப்படியானால் மேடைப் பர்ஸ். தோற்றவருக்குப் பணமுடிப்பு எதற்குக் கொடுப்பார்கள்? அநியாயமாகத் தோற்கடித்திருப்பார்கள், சனம் மனசு கேளாமல் கொடுத்திருக்கும்.*

அவர் கப்பலிலிருந்து பெட்டியை இறக்கி எடுத்துக்கொண்டு வருவதற்குள் நான் லம்பா லைனுக்கு ஓடி ஞானசெல்வியிடம் சொல்லிவிட்டேன். எட்டு எண்ணும்போதே எழுந்துவிட்டார் என்றேன். நடுவர் வேகவேகமாகப் பத்து எண்ணிவிட்டான் என்றேன். பார்த்துக்கொண்டிருந்த நம் சனங்கள் கொதித்துப்போய், பணம் சேர்க்க வேட்டியை விரித்தார்கள் என்றேன். மூன்றாம் தடவை சொல்லும்போது ஒரு மீன்காரி காதுத் தோட்டைக் கழற்றி அதில் போட்டாள்.

ஞானசெல்வி அழுதாள். மத்தியாஸ் உள்ளே வந்ததும் கேட்டாள்: "மெய்யாவா? சனமெல்லாம் சேந்து குடுத்தாவளா?"

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை அன்றைக்கு நான் களைப்பு என்று நினைத்தேன். "அக்கா சொன்னா சர்தான்" என்றார்.

அன்றிலிருந்து வருஷா வருஷம் ஏப்ரலில் ஞானசெல்வி மாதா கோயிலில் ஒரு பூசை வைப்பாள். வேகமாக எண்ணிய அந்த நடுவரைத் தேவன் மன்னிக்கும்படி.

* சண்டைக்காரர்கள் பாஷையில், சண்டைக்குப் பேசுகிற கூலிக்கே பர்ஸ் என்றுதான் பெயர். இது எனக்கு ஆறு வருஷம் கழித்துத் தெரிந்தது.

4

1967-இல் கடிதம் வந்தது. வருமான வரிக்காரர்களுடையது. லாரி இரண்டும் எந்தப் பணத்தில் வாங்கியது, ஒவ்வொரு சண்டைக்கும் எவ்வளவு வந்தது, விவரமாக எழுதவேண்டும். மெயின்லேண்டிலிருந்து அடுத்த கப்பலில் ஓர் ஆபீசர் வருவார், நேரில் விசாரிப்பார். லாரி இரண்டு பேர் பேரில் இருப்பதால் இரண்டு பேரும் வரவேண்டும்.

அடுத்த கப்பலுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. ஜம்புலிங்கம் பேரேட்டோடு வந்து சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"செலவு எதெது கழிக்கலாம்னு பார்ப்போம். லாரிக்கு வருஷா வருஷம் தேய்மானம் உண்டு."

"தேய்மானம்னா?" என்றார் மத்தியாஸ்.

"ஓட ஓடத் தேயுமில்லையா? அதுக்கு சர்க்கார் ஒரு தொகை விட்டுக்கொடுக்கும்."

"அப்ப என் மூக்குக்கு? மூணு வாட்டி ஒடஞ்சிகீது. பல்லு நாலு."

"மூக்கு மூலதனம் இல்லைய்யா."

"அப்ப நான் இன்னாத்த வச்சி சம்பாரிச்சேன், உன் பேனாவ வச்சா?"

"அர்ரே, சட்டம் நான் போட்டதா? உடம்புக்குத் தேய்மானம் கிடையாது. பல் டாக்டர் ரசீது இருந்தா வேணா எழுதிப் பார்க்கலாம்."

"விழுந்த பல்ல எடுத்தாந்து காட்டட்டா?"

ஞானசெல்வி அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "கணக்கய்யா, அந்த ஒடஞ்ச மூக்கால அவுக வுடுத கொறட்டைக்கு ஏதாச்சும் கழிப்பாவளா? ஏழு வருசமா நாந்தான் வரி கெட்டிக்கிட்டு வாறேன்."

எல்லோரும் சிரித்தோம். மத்தியாஸும் சிரித்தார். பேரேடு 1961-க்கு வந்தது.

"கொழும்பு. தோத்தவருக்கு ஒப்பந்தத்துல ரெண்டாயிரம்னு இருக்கு. அது சரி. இந்தப் பதினாறாயிரம்?"

"அதான் பணமுடிப்பு!" என்றோம் நானும் ஞானசெல்வியும் ஒரே குரலில்.

ஜம்புலிங்கம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அன்பளிப்புன்னா வரி இல்லை. ஆனா கொடுத்தவங்க பேரு, விலாசம் கேப்பான். சம்பாத்தியம்னா வரி, அபராதம், நாலாயிரத்துச் சொச்சம் வரும். ஒரு லாரிய வித்தாகணும். ரெண்டுல எது?" என்று கேட்டுவிட்டு, என்னிடம், "அம்மா, வாக்குமூலத்தைத் தமிழ்ல நீங்க எழுதிக் கொடுங்க. நடந்ததைக் கோவையாச் சொல்ல உங்களுக்குத்தான் வரும். நான் இங்கிலீஷ்ல போட்டுக்கறேன்" என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது, கண்ணுங்களா. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

5

மறுநாள் பகலில் சாத்தம் பாலத்துக்குப் பக்கத்தில் மத்தியாஸின் லாரி நின்றது. "ஏறுக்கா" என்றார். நான் லாரியில் ஏறினதே இல்லை, கை கொடுத்துத் தூக்கிவிட்டார். இன்ஜினை அணைக்கவில்லை. வேறு யார் காதிலும் விழக்கூடாது என்று ஓடவிட்டிருந்தார். மரமில்லில் ரம்பம் வேறு அறுத்துக்கொண்டிருந்தது. அவர் சொன்னதில் பாதியை நான் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

"பத்து எண்ண எம்மா நேரம் ஆவும் தெரியுமாக்கா? நீ கதைல சொல்ற மாதிரி சடக்குனு ஆவாது. ஒன்னுன்ட்டு அவன் என் மூஞ்சியப் பாக்கறான். ரெண்டு. நான் முட்டி போட்டுக்கினு கீறேன். கால்ல பலம் கீது. ஆறுல எழுந்துக்கலாம். ஒம்போதுல கூட எழுந்துக்கலாம். கீழ கித்தான்ல எவனோ துப்புன வெத்தலக் கற. அத்தையே பாத்துக்கினு கீறேன். அந்த நேரத்துல ஒரு ஒல சோறு வடிச்சுடலாங்க்கா."

லாரிக் கண்ணாடியில் இடது கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"எடது கண்ணு நாலு சண்டைக்கு மேல தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நாலுக்கும் சேத்தா அவனுக்கு இவனுக்குப் போவ எட்டாயிரம் வரும். கண்ணும் பூடும். இந்தப் பந்தயக்காரனுங்க ஒரே சண்டைல, ஏழாவது ரவுண்டுல படுத்துடுன்னு பதினாறு தரானுங்க. கண்ணு மிச்சம். நீயே கணக்குப் போட்டுப் பாரு."

"ஞானத்துகிட்ட சொல்லியிருக்கலாமே, தம்பி."

"சொல்லத்தான் வந்தேன். ஜெட்டிலேந்து ஊட்டுக்குப் போறதுக்குள்ள நீ பணமுடிப்புன்னு சொல்லிட்ட. அது அழுவுது, ஜனங்க எம்மா நல்லவங்கன்னு. அப்பால எப்டிக்கா?" இன்ஜின் சத்தத்துக்கு மேலே அவர் குரல் உயர்ந்தது. "நான் பர்ஸுன்னுதான் சொன்னேன். பணமுடிப்புன்னது நீ."

6

இங்கே கதை இரண்டாகப் பிரிகிறது. இரண்டையும் எழுதிப் பார்த்தேன்.

[ஒன்று. அன்பளிப்பு என்று எழுதினேன். கொடுத்தவர்கள் பெயர் வேண்டுமே. முதல் பெயருக்கு அரைமணி ஆயிற்று. நாலாவது பெயர் தானாக வந்தது. பத்தாவது ஆளுக்குக் கண்டியில் புகையிலைக் கடை, இரண்டு பெண்கள், மூத்தவளுக்குக் கல்யாணம் தட்டிப்போகிறது. பதினாறாயிரத்துக்கு ஆள் சேர்த்து முடித்தபோது ஞானசெல்வி பட்டியலை வாங்கிக்கொண்டு, "இவுகளுக்கெல்லாம் ஒரு நன்றிக் கடுதாசி போடணும் யக்கா" என்று]

இது வேண்டாம். பட்டியலில் ஏறிய பெயரை யாராவது தேடிப் போவார்கள்.

[இரண்டு. சம்பாத்தியம் என்று எழுதினேன். தோற்பதற்குக் கொடுத்த சம்பாத்தியம். ஆபீசர் உரக்க வாசித்தார். ஞானசெல்வி]

இதற்கு மேல் எழுத முடியவில்லை. அவள் முகத்தை எழுத நாலு தடவை முயன்றேன்.

நடந்தது இரண்டும் இல்லை. ஆபீசர் வருகிற வரை நான் ஒரு வரி எழுதவில்லை. தினம் ஜம்புலிங்கம் கேட்பார், நாளைக்கு என்பேன். கடைசி நாள் அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மத்தியாஸ் வாயால என்ன வார்த்தை சொன்னாரோ அதையே போட்டுடறேன்" என்று தானே எழுதிக்கொண்டார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

விசாரணைக்கு ஞானசெல்விக்குத் துணையாகப் போனேன். கதவோரம் நின்றேன். ஆபீசருக்குத் தமிழ் தெரியாது, இந்தியில் கேட்டார். சந்தையிலும் ஜெட்டியிலும் பழகின இந்திதானே, எங்கள் எல்லோருக்கும் புரியும். அதுதான் பயம்.

"யே ஸோலா ஹஸார் கஹாங் ஸே ஆயா?" இந்தப் பதினாறாயிரம் எங்கிருந்து வந்தது?

மத்தியாஸ் எழுந்து நின்றார். கை இரண்டும் முட்டியாக மூடியிருந்தது. "பர்ஸ் ஹை, ஸாப்."

ஆபீசர் காகிதத்தைப் பார்த்தார். அங்கேயும் பர்ஸ் என்றுதான் இருந்தது. தலையசைத்து எழுதப்போனார். அதற்குள் ஞானசெல்வி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் போய்விட்டாள்.

"பூரா பப்ளிக் தியா, ஸாப்! ஸப் மில்கே தியா!" சனம் முழுக்கச் சேர்ந்து கொடுத்தது!

ஆபீசர் நிமிர்ந்து அவளைப் பார்த்துச் சிரித்தார். "பப்ளிக் ஹி தோ தேத்தா ஹை." சனம்தானே எப்போதும் கொடுக்கிறது!

அவர் டிக்கெட் வாங்கின சனத்தைச் சொன்னார். அவள் வேட்டி விரித்த சனத்தைச் சொன்னாள். அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு பேரும் இடிக்காமல் நடந்துபோனார்கள். ஆபீசர் சம்பாத்தியத்தில் ஏற்றி வரி போட்டார். நாலாயிரத்து இருநூறு.

வெளியே வந்ததும் ஞானசெல்வி பொரிந்தாள். "ஊர்ச்சனம் மனசார குடுத்த துட்டுக்குமா வரி? அந்த ஆபீசரையும் சேத்து மன்னிக்கச் சொல்லி இனிமே ரெண்டு பூசை வைக்கணும் போலருக்கே!"

மத்தியாஸ் லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு தன் பேரில் இருந்த லாரியை விற்று, கடைசிப் பைசா வரை கட்டினார். தோற்று வாங்கின பணத்துக்கு ஒழுங்காக வரி கட்டின ரசீதை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அந்த ரசீதில் மட்டும்தான் அவர் உண்மை பேசியிருந்தார் என்று நான் நினைத்துக்கொள்வேன். அவள் இங்கிலீஷ் படிக்கமாட்டாள்.

7

இப்போது என் பயம் உங்களுக்குப் புரியும்.

அன்றைக்கு வேற்றுப் பாஷைச் சொல் ஒன்று எங்களைக் காப்பாற்றியது. ஞானசெல்வி என்னைக் கேட்டிருப்பது தமிழில். இந்த நோட்டில் நான் 'பர்ஸ்' என்று எழுதிவிட்டுத் தப்பிக்கலாம். ஆனால் இத்தனை பக்கம் அந்தச் சொல்லின் வயிற்றைக் கிழித்துக் காட்டிவிட்டு இனிமேல் அதில் எப்படி ஒளிவது? இந்தப் பக்கங்களைக் கிழித்துப்போட்டுவிட்டு, வேட்டியும் மீன்காரியும் வருகிற பழைய கதையையே நல்ல கையெழுத்தில் எழுதிக் கொடுக்கலாம். நேற்று அதைத்தான் செய்தேன். ஒரு பக்கம் போனது. மீன்காரி தோட்டைக் கழற்றவே மாட்டேன் என்கிறாள்.

இன்னொன்று. ஆரம்பத்தில் உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். நோட்டு கேட்க வந்த அன்று ஞானசெல்வி வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள்.

"யக்கா, பூராவும் எழுத வேணாம். அவுக கீழ கெடந்த நேரம் இருக்குல்லா, ஒண்ணுலருந்து பத்து வரைக்கும், அத மட்டும் எழுது. மத்ததெல்லாம் எனக்குத் தெரியும்."

மத்ததெல்லாம் தெரியும்.

என்ன தெரியும்? நான் பரப்பின கதை தெரியும் என்கிறாளா? பெட்டியைத் திறந்து யாரிடமாவது ரசீதைக் காட்டி வாசிக்கச் சொன்னாளா? மத்தியாஸ் கடைசிக் காய்ச்சலில் ஏதாவது சொல்லிவிட்டாரா? தெரிந்துகொண்டே பதினாறு வருஷம் அந்த நடுவருக்காகப் பூசை வைத்தாளா? அப்படியானால் பூசை யாருக்காக? கேட்டுவிடலாம்தான். கேட்டால், அவளுக்குத் தெரியாத பட்சத்தில், கேள்வியே சொல்லிவிடும்.

கண்ணுங்களா, இன்று ஞாயிறு. கோயில் விட்டு அரைமணி ஆகிறது. அவள் கேட்ட இடத்தை எழுதிவிட்டேன். சர்க்கார் படிவத்தில் அடியில் போட்டிருப்பார்களே, அந்த மாதிரி.

ஏழாவது ரவுண்டில் மத்தியாஸ் கீழே விழுந்தார். பத்து எண்ணும் வரை அவரால் எழுந்திருக்க முடியவில்லை / அவர் எழுந்திருக்கவில்லை. பதினாறாயிரம் ரூபாய் அவருக்குப் பணமுடிப்பாக / கூலியாக வந்தது. வேண்டாததை அடித்துவிடவும்.

இதைத்தான் அவளிடம் கொடுக்கப் போகிறேன், இந்தப் பென்சிலோடு. ஆனால் கேட் திறக்கிற சத்தம் கேட்கிறது, என் கை அவளை முந்திக்கொண்டு எதையாவது அடித்துவிடும் போல இருக்கிறது. ஒரு தடவை முந்திக்கொண்டு பட்டது போதும். பென்சிலை நீங்கள் பிடியுங்கள், கண்ணு. அடிப்பதானால் லேசாக அடியுங்கள். அடிபட்ட சொல்லும் வாசிக்கிற மாதிரி இருக்கட்டும்.